கரைவலையும் காணிக்கையும்

புத்தளம் மாவட்டத்துக் கடற்கரையிலே கரைவலை இழுக்குங் காட்சியைக் கண்டோர் அதனை எளிதில் மறவார். தோணி வலையை வளைத்துவிட்டுக் கரைசேர்ந்ததும், இரு கயிறுகளையும் பற்றி இரு வரிசையாக மக்கள் நிற்பர். மண்டாடியார் நீரோட்டத்தை நோக்கிக் குரல் கொடுப்பார். உடப்பு போன்ற தமிழூர்களிலே அம்பாப் பாட்டு எழும். அதன் தாளத்துக்குக் கயிறு சிறிது சிறிதாகக் கரையேறும். மடி கரைக்கு வந்தபின், செலவு போக எஞ்சிய வருவாயிலே சம்மாட்டியாருக்கு ஒரு பகுதி, இழுத்தோருக்கு ஒரு பகுதி. கயிற்றிலே சிறிது நேரம் கைவைத்த முதியவரும் கறிக்கு நாலு மீன் பெற்றே வீடு திரும்புவார். தனியொருவர் இழுத்துக் கரைவலை வந்ததாக எவரும் சொல்லக் கேட்டதில்லை.

உடப்பு இந்துக்களின் ஊர். அதற்குத் தெற்கிலும் வடக்கிலும், வென்னப்புவ, மாரவில, சிலாபம் தொடங்கிக் கற்பிட்டிக் குடாநாடு வரை, கத்தோலிக்க மீனவர் பெருந்தொகையினராய் வாழ்கின்றனர். ஆவணி மாதத்திலே தலவில அர்ச்சியசிஷ்ட அன்னம்மாள் திருநாளுக்குத் தமிழரும் சிங்களவரும் ஒருங்கே வந்து குவிவது நாடறிந்த செய்தி. இம்மேற்குக் கரையின் கத்தோலிக்க மீனவரிடையே பிடிபட்ட மீனில் ஒரு பங்கைக் கோயிலுக்கென ஒதுக்கும் வழக்கம் நெடுங்காலம் நிலவிற்று. அப்பங்கைத் திரட்டும் உரிமையை ஏலத்தில் விடுவதும் உண்டு. கோயில்கள் எழுந்தமைக்கு அவ்வழக்கம் பெருந்துணையாயிற்று என்பது மெய்யே. எனினும், ஏலமெடுத்தவர் கணக்குப் பார்த்துக் கரையிலே வந்து நிற்கும்போது, காணிக்கை வரியாக மாறிவிடுகின்றது. கொடுக்கும் மீன் அதுவேதான்; கொடுக்கும் மனந்தான் வேறு.

தன் ஊர்க் கோயிலுக்குக் கொடுப்பதில் இக்கரை மக்கள் எந்நாளும் பின்னின்றவரல்லர். திருநாட் காலத்துப் பந்தலும் வாணவேடிக்கையும் பாட்டுக் கச்சேரியும் அதற்குச் சான்று. சில வேளைகளிலே அடுத்த ஊரை மிஞ்ச வேண்டுமென்ற ஆவலும் அதிற் கலந்துவிடுவதுண்டு. ஆனால், தன் கண்ணாற் காணாத ஊருக்கு, பெயரறியாத மக்களுக்கு, வேதபோதக நிதியென்று ஒரு பெட்டி வைக்கப்படும்போது கை தயங்குகின்றது. “எங்கள் கோயில் ஓடே ஒழுகுகின்றதே! கடலும் இவ்வாண்டு கைகொடுக்கவில்லையே! எங்கோ உள்ளவர்க்கு நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும்?” என்று மீனவர் ஒருவர் வினவினால், அவ்வினாவை அவமதிக்க எவர்க்கும் உரிமையில்லை. அதற்கு விடையளிக்க வல்லது இக்கரையின் வரலாறே.

ஒல்லாந்தர் கரையோரங்களை ஆண்ட காலத்திலே கத்தோலிக்கக் குருமார் இந்நாட்டில் இருத்தல் குற்றமாயிருந்தது. கோவையிலே 1651 இல் பிறந்த யோசேவாஸ் அடிகளார் 1687 இல் ஏழைக் கூலியாளைப்போல் வேடம்பூண்டு யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அங்கே நெருக்கடி மிகவே, 1690 இல் கண்டி மன்னனின் ஆட்சிக்குட்பட்டிருந்த புத்தளத்துக்கு வந்தார். குருவானவரின்றி வாடியிருந்த மக்களிடையே சில காலம் பணிபுரிந்து, 1692 இல் கண்டிக்குச் சென்றபோது ஒற்றரென ஐயுற்றுச் சிறையிடப்பட்டார். அவர் 1711 இல் கண்டியிலே உயிர்துறந்தார். 2015 ஆம் ஆண்டு சனவரி 14 ஆம் நாள் கொழும்பு காலிமுகத்திடலிலே பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனஞ் செய்தார். அவருக்குப் பின்னரும் கோவையிலிருந்த குருமார் சபை துணைக்குருமாரை அனுப்பிக்கொண்டேயிருந்தது. தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் பல இயற்றிய யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் அவ்வழி வந்தவரே. அன்று கோவையிலும் சீர்செய்ய வேண்டிய கூரைகள் இருந்திருக்கும். அவை யாவும் சீரான பின்னரே குருமாரை அனுப்புவோமென்று அங்குள்ளோர் காத்திருக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே வேறொரு துணை வந்தது. அதன் கதை பிரான்சு தேசத்து லியோன் நகரில் தொடங்குகின்றது. பட்டு வணிகர் ஒருவரின் மகளாகிய பவுலின் சரிக்கோ என்னும் இளம்பெண், ஆலைகளில் உழைத்த ஏழைப் பெண்களிடம் வாரத்துக்கு ஒரு சூ கேட்டார். ஒரு பிராங்கில் இருபதில் ஒன்று ஒரு சூ. அந்நாட்டின் சிறு செப்புக்காசு. அவர் வகுத்த முறை எளியது. பத்துப்பேர் ஒரு வட்டம். வட்டத்துக்கு ஒருவர் காசு திரட்டுவார். பத்து வட்டங்களின் காசு நூற்றுவர் தலைவரிடஞ் சேரும். அவ்வாறே பத்து நூறுகளின் காசு ஆயிரவர் தலைவரிடஞ் சேரும். யாருக்கும் பாரமில்லை, யாரும் விடுபடுவதுமில்லை.

இம்முயற்சி 1822 ஆம் ஆண்டு மே 3 ஆம் நாள் ஒரு சங்கமாக உருப்பெற்றது. அப்பொழுது ஒரு சிக்கல் எழுந்தது. அமெரிக்காவின் லூயிசியானாப் பகுதி மேற்றிராணியார் டுபூர்க் தமது மேற்றிராசனத்துக்கென உதவி வேண்டியிருந்தார். சீனாவுக்கு உதவ விழைந்தோர் வேறு சிலர். அவரவர்க்குத் தனித்தனிச் சங்கம் அமைத்திருந்தால், நாவன்மையும் நண்பர் கூட்டமும் உடையவர் பெற்றிருப்பர். மற்றையோர் வெறுங்கையராய் நின்றிருப்பர். கூடியிருந்தோர் அவ்வழியை விடுத்தனர். எல்லா நாட்டு வேதபோதகத்துக்கும் ஒரே நிதி என முடிவு செய்தனர். அம்முடிவினாலேயே, லியோன் நகரப் பெண்கள் கனவிலுங் கண்டிராத இலங்கைத் தீவுக்கும் அச்செப்புக்காசுகளில் ஒரு பங்கு கிட்டிற்று. 1847 இல் இலங்கை வந்த அமலமரித் தியாகிகள் பின்னர் மேற்குக் கரையிலும் பணிபுரிந்தனர். அவ்வாறான பணிகளைத் தாங்கியவற்றுள் அந்நிதியும் ஒன்று. பவுலின் அம்மையார் தம் செல்வமெல்லாம் இழந்து 1862 இல் வறியவராகவே மறைந்தார். 2022 இல் லியோனில் அவருக்கு முத்திப்பேறுபெற்றோர் பட்டம் அளிக்கப்பட்டது.

இங்ஙனம் பெற்ற கரை, பின்னர் தானும் கொடுக்கத் தொடங்கியது. 1939 இல் சிலாபம் தனி மேற்றிராசனமாயிற்று. இந்நாட்டவராகிய எட்மண்ட் பீரிஸ் ஆண்டகை அதன் முதல் மேற்றிராணியார். அதிலிருந்து பிரிந்து 1987 இல் குருநாகல் மேற்றிராசனம் உருவாயிற்று. 1970 களில் இலங்கை அமலமரித் தியாகிகள் பாக்கிஸ்தானுக்கும் வங்காளதேசத்துக்கும் வேதபோதகராய்ச் சென்றனர். ஒருகாலத்திலே பிறநாட்டுக் குருவானவரை எதிர்பார்த்திருந்த தீவு, பிறநாட்டுக்குக் குருவானவரை அனுப்பும் நிலை எய்தியது.

பொதுநிதி என்றதும் கணக்கைப்பற்றிய ஐயம் எழுவது இயல்பே. கரைவலையில் மடியை எல்லோர் கண்முன்னே திறந்து கொட்டுவர். எத்தனை கூடை மீன் என்பதைச் சிறுபிள்ளையும் அறியும். கோவிற்பற்றிலே திரட்டிய தொகையையும், அனுப்பிய தொகையையும் பூசை முடிவில் அறிவிப்பது பங்குத் தந்தையர்க்கு அரிய செயலன்று. லியோன் சங்கத்தார் தூரதேச வேதபோதகரின் கடிதங்களை அச்சிட்டு உறுப்பினர் கையிலே கொடுத்தனர். காசு கொடுத்த பெண் அக்காசு சென்ற இடத்தின் செய்தியை வாசித்தறிந்தாள். அதனாலேயே அடுத்த வாரமும் மனமுவந்து கொடுத்தாள்.

வேறொரு சிறு தடையும் உண்டு. அதை வெளியூரார் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. பதினோராம் பத்திநாதர் 1926 இல் ஏற்படுத்திய உலக வேதபோதக ஞாயிறு, அக்டோபர் மாதத்தின் ஈற்றயல் ஞாயிற்றிலே வருகின்றது. இக்கரையிலோ தென்மேற்குப் பருவக்காற்றுக் காலமெல்லாம் கடல் கொந்தளித்து, அக்டோபரிலேதான் கரைவலைக் காலம் மெல்லத் தொடங்கும். பல மாத வறுமைக்குப் பின் கடனோடு நிற்கும் குடும்பத்தின் முன்னே அன்று பெட்டி நீட்டப்படுகின்றது. அதில் விழும் காசைக் கொண்டு அம்மக்களின் மனத்தை அளப்பது முறையாகாது. பெட்டி பங்குனி வரை கோயில் வாயிலிலேயே இருக்கட்டும். பத்துப்பேர் ஒரு வட்டமாய்ச் சேர்ந்து, மீன் பட்ட வாரத்திலே ஒரு சிறு தொகையை அதிலிட்டு, மீன் படாத வாரத்திலே இடாதிருக்கட்டும். கயிற்றின் இரு வரிசையிலும் பத்துப்பேருக்குக் குறைவில்லை.