தாமியா கார் பாகங்கள்: டப்பாவில் தூங்கும் முதல்

பொழுதுபோக்குப் பொருள்களின் உதிரி பாகங்களைச் சிறிய அளவில், இணையத்திலும் உள்ளூரிலும் விற்க முடியுமா என்பதுதான் இன்றைய அரங்கில் எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. தூண்டில், சைக்கிள், டுரோன் என்று எல்லாவற்றையும் தொட்டால் நேரம் போதாது. ஆகவே, சின்ன வயதிலிருந்தே நமக்குத் தெரிந்த தாமியா காரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

தாமியா என்பது ஜப்பானில் ஷிசுவோக்கா நகரத்து நிறுவனம். 1946-இல் மர வியாபாரமாகத் தொடங்கி, பிறகு மாதிரி பொம்மைகளுக்கு வந்தவர்கள். நாம் 'தாமியா' என்றே அழைக்கும் அந்தக் குட்டி நான்கு சக்கர இழுவைக் காரை அவர்கள் 1982-இல் வெளியிட்டார்கள். இரண்டு ஏ.ஏ. பேட்டரியில் ஓடும். ரிமோட் கிடையாது. சுவர் வைத்த தடத்தில் விட்டால் அதன் பாட்டுக்கு ஓடும். ஆகவே வேகத்துக்கு என்ன செய்வதென்றாலும் பந்தயத்துக்கு முன்பே செய்துவிட வேண்டும்: மோட்டாரை மாற்று, பல்சக்கரத்தை மாற்று, டயரை மாற்று, ரோலரை மாற்று. காரை ஒரு முறை வாங்குகிறவர் பாகங்களைப் பல முறை வாங்குவார். வியாபாரம் அங்கேதான் இருக்கிறது. ஆபத்தும் அங்கேதான்.

ஏன் ஆபத்து என்கிறேன்? 2024 மே 11 முதல் ஊழியர் சேமநிதியில் மூன்றாவது கணக்கு ஒன்று வந்திருக்கிறது. மாதச் சந்தாவில் 10 விழுக்காடு அதில் சேர்கிறது. எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். அந்தப் பணம் கையெட்டும் தூரத்தில் இருப்பதால், அதையே முதலாகப் போடலாம் என்ற எண்ணம் எளிதில் வந்துவிடும். வேலை செய்து சேர்த்த காசு அது. போடுவதற்கு முன் என்னோடு சேர்ந்து ஒரு கணக்குப் பாருங்கள்.

ஒரு பாகத்தை 8 வெள்ளிக்கு வாங்கி 12 வெள்ளிக்கு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நேரில் விற்றால் 4 வெள்ளி நிற்கும். இணையச் சந்தையில் விற்றால் தரகுக்கும் மற்ற கட்டணங்களுக்கும் 15 விழுக்காடு போகிறது என்று கொள்வோம், அது 1 வெள்ளி 80 காசு. உறை, ஒட்டுநாடா, முகவரிச் சீட்டுக்கு 70 காசு. மிஞ்சுவது 1 வெள்ளி 50 காசுதான். இப்போது விலைபோகாத பாகங்கள் நூறு உங்கள் டப்பாவில் தங்கிவிட்டன என்றால், 800 வெள்ளி முடங்கிப்போயிற்று. அதை இணைய லாபத்தில் ஈடுகட்ட 534 பாகங்கள் விற்றாக வேண்டும்! அத்தனை உறை ஒட்டி முடிக்க எத்தனை இரவு ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய நிறுவனம் என்றால் தப்பிக்குமா? அமெரிக்காவில் ஹாபிக்கோ என்ற பொழுதுபோக்குப் பொருள் விநியோக நிறுவனம் இருந்தது. ஊழியர்களின் ஓய்வுக்காலப் பங்குத் திட்டத்துக்கே அது சொந்தம். 2018 ஜனவரியில் கடன் தாங்காமல் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. அங்கேயும் சேமநிதிதான் நேயர்களே, வேறு பெயரில்.

அதற்காக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எல்லாவற்றையும் வாங்கி அடுக்காதீர்கள் என்கிறேன். இந்தக் காரின் அடிச்சட்டத்தில் பல வகை உண்டு. எம்.ஏ., எம்.எஸ். சட்டங்களுக்கு இரு பக்கமும் தண்டு நீட்டிய மோட்டார் வேண்டும். ஏ.ஆர்., வி.இசட். சட்டங்களுக்கு ஒரு பக்கத் தண்டு. மாற்றிக் கொடுத்தால் பொருந்தாது. பொருள் திரும்பி வரும், அஞ்சல் செலவு உங்கள் தலையில். ஆகவே முதலில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு, தடம் வைத்திருக்கும் கடைக்கு மூன்று ஞாயிறு போங்கள். எந்தச் சட்டம் அதிகம் ஓடுகிறது, எது உடைகிறது, எதைக் கடன் கேட்கிறார்கள் என்று எழுதுங்கள். கடன் கேட்கும் பொருள்தான் நீங்கள் வைத்திருக்க வேண்டிய பொருள். கடைக்காரரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அவரிடம் இல்லாததை மட்டும் நீங்கள் வைத்தால் பகை வராது.

ஞாயிறு என்று சொன்னதில் காரணம் இருக்கிறது. 2014 முதல் ஜொகூரில் வெள்ளி, சனிதான் வார விடுமுறை. 2025 ஜனவரி 1 முதல் மீண்டும் சனி, ஞாயிறு ஆகிவிட்டது. இப்போது பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர்க்காரர்களுக்கும், கோலாலம்பூர்க்காரர்களுக்கும், நமக்கும் ஒரே நாளில் ஓய்வு. பந்தய நாளில் உடைந்த ரோலருக்கு அஞ்சலை எதிர்பார்த்து எவரும் உட்கார்ந்திருக்க மாட்டார். அன்று கையில் வைத்திருப்பவரிடம்தான் வாங்குவார். இணையத்தில் உங்களைவிட 50 காசு குறைத்து விற்க எப்போதும் ஒருவர் இருப்பார். ஞாயிறு மூன்று மணிக்கு மாசாயில் அவர் இருக்க மாட்டார்.

இணையத்திலும் வழி இருக்கிறது. தனித் தனியாக விற்காமல் ஒரே சட்டத்துக்குப் பொருந்தும் மூன்று பாகங்களைச் சேர்த்து 36 வெள்ளிக்குக் கொடுங்கள். உறை ஒன்றுதான், மிஞ்சுவது 5 வெள்ளி 90 காசு. படம் எடுப்பது பற்றி, தொலைக்காட்சிக்காரி என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். விளக்கு அலங்காரம் எதுவும் வேண்டாம். பகலில் சன்னல் ஓரம் வெள்ளைத் தாளில் வைத்து, பக்கத்தில் ஒரு 20 காசு நாணயத்தையும் வைத்து எடுங்கள். அளவு புரிந்துவிட்டால் பாதிக் கேள்வி குறையும். போலிச் சரக்கைத் தொடவே தொடாதீர்கள். அது சட்டப்படி குற்றம். தவிர, ஒரே தடத்தில் ஓடுகிறவர்களிடையே பேச்சு ஒரே மாலையில் பரவிவிடும்.

இனி பதிவு விவரம். வியாபாரம் தொடங்கி 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிய வேண்டும். அடையாள அட்டையில் உள்ள சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வியாபாரப் பெயர் என்றால் 60 வெள்ளி. இணையத்தில் விற்கும்போது பதிவு எண்ணையும் முழு விலையையும் காட்ட வேண்டும். முதல் போதாதவர்கள் தெக்குன் நேஷனலின் ஸ்பூமி கடனை விசாரிக்கலாம். இந்தியர்களுக்கென்றே உள்ள திட்டம் அது; ஆனால் கடன் என்பது திருப்பிக் கட்டுவதற்குத்தான். கடை எடுப்பதாக இருந்தால், வாடகைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே உங்கள் மாநகர் மன்றத்தில் உரிமம் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். ஜொகூர்பாரு, இஸ்கந்தர் புத்ரி, பாசிர் கூடாங் மூன்றும் தனித் தனி மன்றங்கள். உங்கள் தாமான் எதில் வருகிறது என்று தெரியவில்லையென்றால், வீட்டு மதிப்பீட்டு வரி ரசீதைப் பார்த்தால் போதும்.