மிஷின் மாட்டியாச்சு, பேச்சு எங்கே?



செல்போனில் நீங்களும் இந்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். காது கேளாமல் பிறந்த ஒரு குழந்தை அம்மா மடியில் உட்கார்ந்திருக்கும். தலையில் வட்டமாக ஒரு கம்பிச்சுருள், காதுக்குப் பின்னால் மிஷின். செவித்திறனை அளக்கும் ஆடியாலஜிஸ்ட் கம்ப்யூட்டரில் எதையோ தட்டுவார். குழந்தை திடுக்கிட்டு நிமிரும், இல்லையென்றால் வீறிட்டு அழும். அம்மாவும் அழுவார். வீடியோ அத்தோடு முடிந்துவிடும். அதற்கு அப்புறம் வருகிற மாதங்களை யாரும் படம் எடுப்பதில்லை. இன்றைக்கு அந்த மாதங்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன். நான் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவள்.

காதுக்குள் மின்முனைகளைப் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளாண்ட் ஆபரேஷன் தமிழ்நாட்டில் இப்போது பெரிய இடத்துச் சமாச்சாரம் இல்லை. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குச் செய்கிறார்கள். கூலி வேலைக்குப் போகிற வீட்டுக் குழந்தையும் காதில் மிஷினோடு அங்கன்வாடிக்குப் போகிறது. புண் ஆறிய சில வாரங்களில் மிஷினை முதன்முதலாக இயக்குவார்கள், அதுதான் ஸ்விட்ச் ஆன். அதன் பிறகு வாரா வாரம் பயிற்சி, அவ்வப்போது மேப்பிங். காதுக்குள் இருக்கும் ஒவ்வொரு மின்முனையும் இந்தக் குழந்தைக்கு எவ்வளவு மின்சாரம் கொடுக்க வேண்டும் என்று அளந்து வைப்பதுதான் மேப்பிங்.

முதல் ஓரிரு மாதம் வீடு திருவிழாவாக இருக்கும். குக்கர் விசிலுக்குத் திரும்பினான், கதவைத் தட்டினால் பார்த்தான் என்று தினம் ஒரு சேதி. அப்புறம் ஒரு கட்டத்தில் எல்லாம் நின்றுபோன மாதிரி ஆகிவிடும். கூப்பிட்டால் திரும்புகிறான், அவ்வளவுதான். வாயைத் திறந்தால் "ஆ", "ஊ" தவிர ஒன்றும் வராது. பயிற்சி நிலைய வராந்தாவில் பக்கத்து நாற்காலிக்காரம்மா கேட்பார்: "உங்க பையன் எத்தனை வார்த்தை சொல்றான்? எங்க பாப்பா இருபது சொல்லுதே." அன்றைக்கு ராத்திரி அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது.

ஏன் இந்தத் தாமதம்? முதலில் ஒரு பெரியவரோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். 1978-ல் மெல்போர்னில் கிரேம் கிளார்க் என்கிற டாக்டர், பல மின்முனை கொண்ட தன் கருவியை முதன்முதலில் ராட் சாண்டர்ஸ் என்பவருக்குப் பொருத்தினார். சாண்டர்ஸ் நன்றாகக் கேட்டுப் பேசி வாழ்ந்து, பிறகு ஒரு விபத்தில் செவியை இழந்தவர். மூளைக்குள் மொழி ஏற்கெனவே இருந்தது. கருவி தந்த புதுமாதிரிச் சத்தத்தைத் தெரிந்த சொற்களோடு பொருத்திக்கொண்டால் போதும். பிறந்ததிலிருந்தே கேட்காத நம் மூன்று வயதுப் பிள்ளைக்கு அப்படிப் பொருத்திப் பார்க்க ஒன்றுமே இல்லை. மற்ற குழந்தைகள் வயிற்றில் ஆறாம் மாதத்திலேயே கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். பிறந்த பிறகும் ஏறக்குறைய ஒரு வருஷம் கேட்டுக் கேட்டுத்தான் முதல் சொல்லுக்கு வருகிறார்கள். அந்த வருஷத்தில் எந்தத் தாயும் "இன்னும் பேசலையே" என்று கோயில் கோயிலாக ஏறுவதில்லை. ஆகவே இந்தப் பிள்ளைக்கு ஸ்விட்ச் ஆன் ஆன தேதியிலிருந்து வயதை எண்ணுங்கள். மூன்றரை வயதுப் பையனுக்குக் கேட்கிற வயது ஏழு மாதம் என்றால், அவன் ஏழு மாதக் குழந்தை செய்வதைத்தான் செய்வான்.

இதைச் சொன்னால் அம்மாக்கள் தலையாட்டுவார்கள், ஆனால் மனசு ஆறாது. ஒரு அம்மா என்னிடம் வந்து, "ஒண்ணுமே முன்னேற்றம் இல்லைங்க" என்றார். காலையில் என்ன நடந்தது, சும்மா சொல்லுங்கள் என்றேன். சட்னிக்கு அரைத்துக்கொண்டிருந்தாராம். பையன் பின்னால் தரையில் கூடையோடு விளையாடிக்கொண்டிருந்தானாம். மிக்ஸியை நிறுத்திவிட்டு, "தம்பி, வெங்காயம் எடு" என்று கையை நீட்டினாராம். எடுத்துக் கொடுத்தானாம். "நீங்க திரும்பிப் பார்த்துச் சொன்னீங்களா?" "இல்லைங்க, அடுப்பைப் பார்த்துத்தான்." "விரலைக் காட்டினீங்களா?" "இல்லை." "கூடையில வேற என்ன இருந்துச்சு?" "தக்காளி, உருளைக்கிழங்கு…" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

வாயசைவைப் பார்க்காமல், காதால் மட்டும் கேட்டு, மூன்று பொருளில் ஒன்றை எடுக்கிறான். இதற்கு மேல் என்ன முன்னேற்றம் வேண்டும்? நாம் வாயிலிருந்து வெளியே வருவதை மட்டும் எண்ணுகிறோம். காது வழியாக உள்ளே போவதை யாரும் எண்ணுவதில்லை. "சொல்லு, சொல்லு, இது என்ன?" என்று நாள் பூராவும் பரீட்சை வைக்கும் வீடுகளில் பிள்ளைகள் மிஷினையே பிடுங்கி எறிவதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளையை நான் குறை சொல்ல மாட்டேன்.

அதற்காக எல்லாத் தாமதத்தையும் "தானா வரும்" என்று விட்டுவிடவும் கூடாது. "எங்க வீட்ல எல்லாருமே லேட்டாத்தான் பேசுவோம்" என்று பாட்டி சொன்னதை நம்பித்தான் பல பிள்ளைகளுக்கு முதல் பரிசோதனையே தள்ளிப்போயிருக்கிறது. மெதுவாகப் போவது வேறு, நின்றுபோவது வேறு. வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஆறு ஒலிகள் இருக்கின்றன. டேனியல் லிங் என்பவர் வகுத்தது, பேச்சுப் பயிற்சிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆ… ஊ… ஈ… ம்… ஷ்… ஸ்… தாழ்ந்த ஒலியிலிருந்து கீச்சென்ற ஒலி வரை பேச்சின் மொத்த அகலமும் இதற்குள் அடங்கிவிடும். காலையில் மிஷின் மாட்டியதும் வாயை ஒரு அட்டையால் மறைத்துக்கொண்டு, வரிசையை மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். கேட்டதும் பிள்ளை ஒரு கட்டையை டப்பாவில் போட வேண்டும். போன வாரம் "ஸ்"ஸுக்குக் கட்டை போட்டவன் இந்த வாரம் சும்மா உட்கார்ந்திருந்தால், பிள்ளையைத் திட்டாதீர்கள். பேட்டரி இறங்கியிருக்கலாம், வயர் உள்ளுக்குள் விட்டுப்போயிருக்கலாம், நம் ஊர் வியர்வையில் ஈரம் ஏறியிருக்கலாம், மேப்பிங் பழசாகியிருக்கலாம். சொல்லிக்கொண்டிருந்த சொல்லே காணாமல்போனால் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் உடனே போய்க் காட்டுங்கள்.

இன்னொன்று. லட்சக்கணக்கில் விலை, எங்காவது விழுந்துவிடுமோ என்று பயந்து, பயிற்சிக்கு வரும்போது மட்டும் மாட்டி, வீட்டுக்குப் போனதும் பீரோவில் வைத்துப் பூட்டும் குடும்பங்கள் உண்டு. பயம் நியாயம்தான். ஆனால் பீரோவுக்குக் கேட்டு என்ன பிரயோஜனம்? குழந்தை விழித்திருக்கும் நேரம் முழுக்க அது தலையில் இருக்க வேண்டும். டிவியை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் சில பிள்ளைகளுக்குப் பேச்சு வராமல் போகலாம். செவி நரம்பே மெலிந்திருக்கும், அல்லது கூடவே வேறு சிரமம் இருக்கும். அந்தப் பிள்ளையிடம் "சைகை காட்டாதே" என்று கையைப் பிடித்து வைப்பது எனக்குச் சம்மதமில்லை. பசி, வலி, கோபம் எதையும் சொல்ல வழியில்லாமல் ஒரு குழந்தை வளரக் கூடாது. இதில் என்னோடு வாதாடுகிற பயிற்சியாளர்களும் உண்டு.

அப்பாக்களுக்கும் ஒரு வார்த்தை. சென்னையில் 1969-ல் தொடங்கிய பால வித்யாலயா போன்ற பள்ளிகளில் அம்மாவும் வகுப்பில் கூடவே உட்கார்ந்து கற்றுக்கொள்கிறார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பாரம் முழுக்க அவர் தலையிலேயே ஏறிவிடுகிறது. வேலையை விட்டு, மூத்த பிள்ளையை ஊரில் ஆச்சியிடம் விட்டு, பயிற்சி நிலையம் பக்கத்தில் ஒற்றை அறை எடுத்துத் தங்கியிருப்பவரிடம், ஞாயிற்றுக்கிழமை போனில் "என்ன, பேசிட்டானா?" என்று மட்டும் கேட்காதீர்கள். ஊருக்கு வரும்போது அந்த ஆறு ஒலியை அப்பாவும் சொல்லலாம். அப்பா குரலும் பழக வேண்டும். சொந்தத்தில் கட்டியதால்தான் இப்படி என்று பேசுகிற உறவினர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: அது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் சொந்தமே இல்லாதவர்கள் கட்டிக்கொண்டாலும் இப்படிப் பிள்ளை பிறக்கிறது. எப்படி இருந்தாலும் இனிமேல் அந்தப் பேச்சால் ஆகப்போவது ஒன்றும் இல்லை.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். பிள்ளை பேசியதை எழுத வேண்டாம், புரிந்துகொண்டதை எழுதுங்கள். தேதி, நீங்கள் சொன்ன சொல், எவ்வளவு தூரத்திலிருந்து, வாயைப் பார்த்தானா இல்லையா. ஒரு வரி போதும், தினம் எழுத முடியாவிட்டாலும் பரவாயில்லை. அடுத்த மேப்பிங்குக்குப் போகும்போது மறக்காமல் கையில் எடுத்துப் போங்கள். மூன்று வயதுப் பிள்ளையால், "எனக்கு இது சரியாகக் கேட்கவில்லை" என்று வாய்விட்டுச் சொல்ல முடியாது. மிஷினை எங்கே கூட்டுவது, எங்கே குறைப்பது என்று முடிவு செய்ய ஆடியாலஜிஸ்டுக்கு அந்த நோட்டும் உதவும்.