படான்செருவிலிருந்து நைஜருக்கு



ஹைதராபாத்திலிருந்து மும்பை நெடுஞ்சாலையில் போனால் படான்செரு வரும். 1972-இல் தொடங்கிய இக்ரிசாட் என்ற பன்னாட்டு ஆராய்ச்சி நிலையம் அங்கேதான் இருக்கிறது. சோளம், கம்பு, துவரை, நிலக்கடலை என்று மானாவாரிப் பயிர்களே அதன் வேலை. ஆப்பிரிக்காவிலும் அதற்குக் கிளைகள் உண்டு. ஒரு கிளை நைஜர் நாட்டில், தலைநகர் நியாமிக்குப் பக்கத்தில் சடோரே என்ற இடத்தில். அங்கே நடந்த ஒரு முயற்சியைத்தான் சொல்ல வந்தேன்.

நியாமியில் ஆண்டு மழை சுமார் 550 மில்லிமீட்டர். சென்னை மழையில் பாதிகூட இல்லை. அதுவும் பெரும்பாலும் ஜூனுக்கும் செப்டம்பருக்கும் நடுவில் பெய்து முடிந்துவிடும். ஊருக்கு வெளியே செம்புறைத் தரை இறுகிப்போய்க் கிடக்கும். விழுந்த தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடும். நல்ல நிலமெல்லாம் ஆண்கள் கையில். யாரும் சீண்டாத அந்தத் தரையில்தான் இந்த முயற்சியில் பெண்கள் சங்கங்களுக்குப் பயிரிடும் உரிமை கிடைத்தது.

கோடையிலேயே ஒரு சாண் ஆழத்துக்குக் குழிகள் தோண்டி எரு போட்டு வைப்பார்கள். 'ஜாய்' என்று பெயர். மேற்கு ஆப்பிரிக்காவின் பழைய முறை. மழை வந்ததும் தண்ணீரும் எருவும் குழியிலேயே தங்கும். அதில் வெண்டை வரும், ஆந்திரக்காரர்கள் உயிரை விடும் கோங்குராவும் வரும். பிறை வடிவில் கரை கட்டி முருங்கையும் இலந்தையும் வைப்பார்கள். இலந்தை, இந்தியாவின் ஒட்டு ரகங்கள். முருங்கையில் நம் பெரியகுளத்து பி.கே.எம்.-1 நைஜர் வரை போயிருக்கிறது. நாம் காய்க்காக வளர்ப்பதை அவர்கள் கீரைக்காக வளர்க்கிறார்கள். வெந்த கீரையில் கடலைப் பிண்ணாக்கு, வெங்காயம், மிளகாய் சேர்த்துப் பிசைந்தால் 'கொப்டோ'. பிண்ணாக்கு என்றதும் மாட்டுத்தொட்டியை நினைக்காதீர்கள், அங்கே அது மனிதர் தின்பண்டம்.

குழி வெட்டவும் எருப் போடவும் அந்தப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இல்லாமல் இருந்தது நிலம். அதனால் ஆப்பிரிக்கப் பெண்களுக்கு விவசாயம் கற்றுத்தருகிறோம் என்று யாராவது சொன்னால், யாருடைய நிலத்தில் என்று கேட்கத் தோன்றுகிறது எனக்கு. மண் தேறி மரம் காய்த்த பிறகு, நிலத்தைத் திருப்பிக் கொடு என்று ஒருவர் வந்து நின்றால்? எழுத்தில் உரிமை இல்லாதவள் என்ன செய்வாள்?

தரிசைத் தேற்றும் பெண்களைப் பார்க்க நைஜர் வரை போக வேண்டாம். அதே நெடுஞ்சாலையில் இன்னும் மேற்கே, ஜஹீராபாத்துக்கு அருகில் பஸ்தாபூர். 1983-இல் அங்கே தொடங்கிய டெக்கான் டெவலப்மெண்ட் சொசைட்டியின் சங்கங்களில் பெரும்பாலும் தலித் பெண்கள். கல்லும் கரடுமான துண்டு நிலங்களைத் திருத்தி, ஒரே வயலில் சோளம், துவரை, எள் என்று பல விதைகளைக் கலந்து விதைக்கிறார்கள். விதையைச் சாம்பலும் வேப்பிலையும் போட்டுக் கூடையில் காக்கிறார்கள். விதைக் கடன் வாங்கினால் அறுவடைக்குப் பின் கூடுதலாக அளந்து கொடுக்க வேண்டும். 2008 அக்டோபர் 15 முதல் மாச்சனூர் கிராமத்தில் அவர்களுக்கென்று 'சங்கம் ரேடியோ' வேறு.

ஹைதராபாத் ராஜேந்திரநகரில் உள்ள தேசிய ஊரக வளர்ச்சி நிறுவனத்துக்கு ஆப்பிரிக்க அதிகாரிகள் பயிற்சிக்கு வருகிறார்கள். வகுப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, பஸ்தாபூர் சங்கத்துப் பெண்களோடு அவர்கள் சில நாள் வயலில் நிற்கலாம். பேச்சுக்குப் பஞ்சம் வராது. பி.டி. பருத்தியைப் பற்றிப் படமெடுக்கக் கேமராவோடு மாலி, தென்னாப்பிரிக்கா வரை போய் அங்குள்ள விவசாயிகளிடம் பேசி வந்தவர்கள் அந்தச் சங்கத்தில் இருக்கிறார்கள்.