வயல் நண்டும் வாடகை வீடும்



உணவு அரசியல் என்றால் மாட்டுக்கறியைப் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். ஆனால் எங்கள் பக்கம் இன்னொன்று இருக்கிறது, அதை யாரும் மேடையில் பேசி நான் கேட்டதில்லை: வயல் நண்டு.

பெரம்பலூர் மேட்டு நிலம். பருத்தியும் மக்காச்சோளமும் விளைகிற இந்த ஊரில் ஏரிப் பாசன வயலில்தான் நண்டைப் பார்க்கலாம். தெற்கே அரியலூர் மாவட்டத்துத் திருமானூர், தா.பழூர் பக்கம் போனால் கொள்ளிடத்தை ஒட்டிய நெல்வயல்களில் வரப்புக்கு வரப்பு வளை. இந்த மண்ணே பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்ததுதான். சிமெண்ட் ஆலைகள் வெட்டும் சுண்ணாம்புக்கல் அந்தக் கடல் விட்டுப்போனது. இன்றைக்குக் கடல் நண்டு ஐஸ் பெட்டியில் வருகிறது. கூலி வேலைக்காரர் வாங்குகிற விலையில் இல்லை.

வரப்பைத் துளைத்துத் தண்ணீரை வடித்துவிடும், இளம்பயிரை வெட்டும் என்று நிலக்காரருக்கு நண்டு பகை. நடவு நட்டவர்களுக்கு அது குழம்பு. நெல் அவர் வீட்டுக்குப் போகும், நண்டு முந்தானையில் எங்கள் வீட்டுக்கு வரும். வளை வாயில் புதுச்சேறு கிடந்தால்தான் அம்மா கை விடுவார். வழவழப்பாக இருந்தால் பாம்பு என்பார். வயிற்றில் குஞ்சு சுமக்கும் நண்டைத் திரும்ப விட்டுவிடுவார். 'நண்டு கொழுத்தால் வளையில் தங்காது' என்று ஒரு பழமொழி உண்டு. கூலியைக் கூட்டிக் கேட்டால் எங்களைப் பார்த்துச் சொல்வார்கள்.

கொதிநீரில் போட்டு, மேலோட்டைப் பிரித்து, பஞ்சு மாதிரி இருக்கும் செவுளை எறிந்துவிட்டுப் பெரியதை முழுசாகக் குழம்பில் போடுவோம். சின்னதை உரலில் இடித்துப் பிழிந்து மிளகு, சீரகம், பூண்டு தட்டிப்போட்டால் ரசம். சளிக்கு அதைத்தான் கொடுப்பார்கள். நன்றாக வேக வேண்டும். நன்னீர் நண்டு அரைவேக்காடாக உள்ளே போனால் நுரையீரல் புழு வரலாம். முழு நண்டுக்கு ஸ்பூன் உதவாது. கடித்து, உறிஞ்சி, விரலை நக்கி, ஒரு மணி நேரம் உட்கார்ந்து தின்ன வேண்டும்.

சிறுபாணாற்றுப்படையில் ஆமூர் உழவர் வீட்டில் பாணனுக்குக் கிடைப்பது வெண்சோறும் நண்டுக் கறியும். அது விருந்து.

பெரம்பலூரில் நான் வாடகைக்கு வீடு தேடினேன். "கோழி ஆக்கினால் பரவாயில்லை தம்பி. நண்டு, கருவாடு கூடாது, வாடை" என்றார் ஒரு வீட்டுக்காரர். அவர் வீட்டிலும் கறி எடுப்பார்கள். 2014ஆம் ஆண்டின் அரசுக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100க்கு 97 பேருக்கு மேல் அசைவம் சாப்பிடுகிறவர்கள். அப்படியானால் அவர் விசாரித்தது சைவமா அசைவமா என்றில்லை. கோழிக் குழம்பை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. வயல் நண்டு கொதித்தால் எந்தத் தெரு என்று தெரிந்துவிடும். சாதியை வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிறவர் வாடையை விசாரிக்கிறார்.

இப்போது நண்டே குறைந்துவிட்டது. குருணை மருந்து போட்ட வயலில் செத்து மிதப்பதை எடுக்க ஓடும் பிள்ளைகளை அம்மா விரட்டுகிறார். கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமையில் எடுத்து வருகிறேன். வீடு வேறு தெருவில் கிடைத்தது. ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் சமைக்கிறேன். தோழர்கள் வரலாம், ஸ்பூன் மட்டும் கேட்காதீர்கள்.