சுண்ணாம்புச் சுவரும் சோதனைச்சாலையும்

இன்று பட்டம் பெறும் இளைஞர்களே, நங்கையரே,

தெளிந்த சுண்ணாம்பு நீரில் குழாய்வழி ஊதி, அது பாலாய் வெளுப்பதைக் கண்டு, கரியமில வாயுவின் குணம் இதுவென்று குறிப்பேட்டில் எழுதி மதிப்பெண் பெற்ற நீங்கள், அதே ரசாயன மாற்றந்தான் உங்கள் அப்பத்தா வீட்டு வளவின் சுவரையும் இறுக்கி வைத்திருக்கிறது என்று எந்த வகுப்பிலாவது கேட்டதுண்டா? காளவாயில் வெந்து கரியமில வாயுவை இழந்த சுண்ணாம்பு, நீர் பட்டதும் கொதித்துப் பொடிந்து, அரைபட்டுச் சுவரில் ஏறியபின், இழந்த அவ்வாயுவைக் காற்றிலிருந்து வருஷக்கணக்கில் சிறிது சிறிதாக வாங்கிக்கொண்டு மீண்டும் கல்லாகிறது. நம் காரைக்குடி வட்டாரத்துக் கொத்தனார்கள் அந்தச் சாந்தில் கடுக்காய் ஊறிய நீரையும் வெல்லத்தையும் சேர்த்து, மேற்பூச்சில் முட்டையின் வெள்ளைக்கருவைக் குழைத்து, கையகலக் கல்லால் தேய்த்துத் தேய்த்து முகம் தெரியும்படி மெருகேற்றினார்கள். இனிப்புக் கலந்த நீரில் சுண்ணாம்பு அதிகமாய்க் கரையும் என்பது ரசாயன நூல் கூறும் செய்தி. நூலைத் தொடாத அவர்களுக்கோ அது கைகண்ட பழக்கம்.

இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் எங்கோ தூரதேசத்துச் சரக்கு என்ற எண்ணம் வரவே நியாயமில்லை. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25-ல் ஜவஹர்லால் நேரு அஸ்திவாரக் கல் நாட்ட, 1953 ஜனவரி 14-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்துக் காரைக்குடியிலேயே இருக்கிறது. கடற்காற்று இரும்பை எவ்விதம் அரிக்கிறது என்று மண்டபம் கரையில் அது சோதித்துப் பார்க்கிறது. ஜன்னல் கம்பியின் அடியில், மழைநீர் தங்கும் இடத்தில் மட்டும் துரு ஏன் முந்துகிறது என்று வீட்டிலே கேட்கும் குழந்தையின் கேள்வியும் அந்த ஆராய்ச்சியைச் சேர்ந்ததே என்பேன்.

உங்களில் ஆசிரியராகப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கரியமில வாயுப் பாடத்தன்று வகுப்பைத் தெருவுக்கு அழைத்துச் சென்று, பழைய சுவரொன்றைத் தொட்டுப் பார்க்கச் செய்து, சாந்து அரைக்கத் தெரிந்த கொத்தனார் எவரேனும் இருந்தால் அவரையும் அழைத்து, அவர் பேசப் பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும். கடுக்காய் எவ்வளவு, வெல்லம் எவ்வளவு, எத்தனை நாள் புளிக்கவேண்டும் என்ற கணக்கு அவர் கையோடு போய்விடுமுன், அதே கலவையைச் சிறு வில்லைகளாக வார்த்து, காயவைத்து, எடைபோட்டு, அமுக்கிப் பார்த்து, எது உறுதியென்று தாமே அளந்து காணட்டும். அதற்குத் தேவை ஒரு தராசும் பொறுமையுமே.