சிற்றாறு சேரும் கடற்கரை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



மலையடிவாரத்தில் வாழ்வோர்க்குக் கடற்கரைப் பயணம் ஒரு திருவிழாவுக்கு ஒப்பானது. வேன் ஒன்றை அமர்த்திக்கொண்டு, புளிச்சோறும் துவையலும் கட்டிக்கொண்டு, கன்னியாகுமரியில் கதிரவன் எழக் கண்டு, கடலோரச் சாலை வழியே திருச்செந்தூர் வந்து முருகனை வணங்கித் திரும்பும் வழக்கம் தென்காசி வட்டாரக் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. குமரி முதல் தூத்துக்குடி வரை அச்சாலையின் நீளம் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். ஒரு பகற்பொழுதில் கடந்துவிடலாம். ஆனால் கடந்து செல்வது வேறு, கண்டு செல்வது வேறு. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடே இவ்வுரையின் பொருள்.

பலரும் வந்து பார்க்கும் ஊருக்கு அருகில் வாழ்வோர்க்குத் தனித்ததோர் அறிவு வாய்க்கிறது. குற்றாலத்தில் சாரல் தொடங்கியதும் எங்கெங்கிருந்தோ மக்கள் திரள்வர்; அருவியில் நீராடுவர்; அழகென்று வியப்பர்; அன்று மாலையே திரும்புவர். அவர்கள் விட்டுச் சென்ற எண்ணெயும் சோப்பும் நெகிழிப் பைகளும் எவ்வயலுக்குப் போய்ச் சேர்கின்றன என்பதை அவர்கள் அறியார். இவ்வட்டாரத்து உழவர் அறிவர். விருந்தினர் எவ்வாறு வரவேண்டும் என்று குற்றாலத்தார்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அவ்வறிவைத் தாம் விருந்தினராகக் கடற்கரைக்குச் செல்லும்போதும் உடன் கொண்டு செல்கிறார்களா என்பதே எண்ணிப்பார்க்கத் தக்கது.

மலைக்கும் கடலுக்கும் உள்ள உறவு வெறும் கற்பனையன்று. ஆனி, ஆடித் திங்களில் அரபிக் கடலிலிருந்து வீசும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மழையைச் சொரிகிறது. கணவாய் வழியே கசிந்து வரும் அதன் ஈரமே குற்றாலத்தில் சாரலாகிறது. ஈரத்தை இழந்த அதே காற்று சமவெளியைத் தாண்டிக் கிழக்குக் கரையை அடையும்போது வறண்ட காற்றாக மாறிவிடுகிறது. அக்காற்றும் வெயிலும் கூடியே ஆறுமுகநேரியிலும் தூத்துக்குடியிலும் பாத்தி கட்டிய கடல்நீரை உப்பாக விளைவிக்கின்றன. உப்பு விளைச்சலில் தமிழகம் குசராத்துக்கு அடுத்த இடத்தில் நிற்பதற்கு இவ்வுப்பளங்களே பெருங்காரணம். கடலோர மக்கள் இம்மேல்காற்றைக் கச்சான் என்பர். அங்கே கச்சான் என்றும் இங்கே சாரற்காற்று என்றும் ஒரே காற்று இரு பெயர் பெறுகிறது.

காற்றைப் போன்றே நீரும் மலையையும் கடலையும் இணைக்கிறது. குற்றால மலையில் தோன்றும் சிற்றாறு தென்காசியைக் கடந்து, சீவலப்பேரி அருகே பொருநையோடு கலக்கிறது. பொருநை திருவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, ஏரல் வழியாகப் புன்னைக்காயலில் கடலை அடைகிறது. திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சியால் புகழ்பெற்ற அருவி நீரின் முடிவிடம் மீனவர் வாழும் ஒரு கடற்கரைச் சிற்றூர்.

உணவாலும் இவ்வுறவு வளர்ந்தது. உமணர் என்னும் உப்பு வணிகர் கடற்கரையிலிருந்து வண்டி பூட்டி உள்நாடு நோக்கி வந்ததையும், உப்புக்கு நெல்லை மாற்றாகப் பெற்றதையும் சங்கப் பாடல்கள் விரிவாகக் காட்டுகின்றன. உமணப் பெண்டிர் தெருத்தெருவாக உப்பு விலை கூறியதும் அப்பாடல்களில் உண்டு. நெய்தலும் மருதமும் ஒன்றையொன்று நாடி நடத்திய அப்பயணமே இன்றைய சாலைப் பயணத்துக்கு மூத்தது.

ஆட்சி எல்லைகள் இவ்வுறவைச் சற்றே மறக்கச் செய்துவிட்டன. 1956இல் செங்கோட்டைப் பகுதி தமிழகத்தோடு இணைந்தபோது, அதனை ஏற்ற திருநெல்வேலி மாவட்டம் மலைமுகடும் முத்துக்கடலும் ஒருங்கே உடையதாக இருந்தது. 1986இல் சிதம்பரனார் மாவட்டம் என்ற பெயரில் தூத்துக்குடிப் பகுதி பிரிந்தது. 2019இல் தென்காசி தனி மாவட்டமாயிற்று. நிருவாகத்துக்கு இப்பிரிவுகள் தேவையானவையே. ஆயினும் ஒரு காலத்தில் தன் மாவட்டத்துக் கடலாக இருந்தது இன்று மாணவனின் வரைபடத்தில் பிறர் மாவட்டத்துக் கடலாகிவிட்டது.

இனிச் சாலையின் வழியே செல்லலாம். குமரியில் 1970இல் எழுந்த விவேகானந்தர் நினைவு மண்டபமும், 2000ஆம் ஆண்டின் முதல் நாளில் திறக்கப்பெற்ற 133 அடி வள்ளுவர் சிலையும், அவ்விரு பாறைகளையும் இணைத்து 2024 டிசம்பரில் திறக்கப்பெற்ற கண்ணாடிப் பாலமும் காண்போரை ஈர்க்கின்றன. அங்கிருந்து வடகிழக்காகத் திரும்பியதும் கூட்டம் குறைகிறது. காற்றாலைகளும் பனைகளும் இடையிடையே தேவாலயக் கோபுரங்களும் தோன்றுகின்றன.

கூடங்குளத்தில் அணுமின் நிலையம் அமைக்க இந்தியாவும் சோவியத்து ஒன்றியமும் 1988இல் உடன்பாடு செய்துகொண்டன. 2011இல் அருகிலுள்ள இடிந்தகரையில் மீனவ மக்கள் திரண்டு நடத்திய அறப்போராட்டம் உலகின் கவனத்தைக் கவர்ந்தது. 2013 அக்டோபரில் முதல் உலையின் மின்சாரம் மின்தொகுப்பில் சேர்ந்தது. அத்திட்டத்தை ஆதரிப்போரும் உளர், எதிர்ப்போரும் உளர். எவராயினும் ஒன்றை மறத்தற்கில்லை. உள்நாட்டு வீடுகளுக்கு விளக்கு வந்தது. அதனால் எழுந்த அச்சமோ கடற்கரையிலேயே தங்கிற்று.

உவரிக்குச் செல்லும் வழியில் சற்றே உள்ளடங்கி இருப்பது இடையன்குடி. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்ட கால்டுவெல் 1841இல் அங்குக் குடிபுகுந்து, தம் வாழ்வின் பெரும்பகுதியை அவ்வூரிலேயே கழித்தார். அவர் உடல் அங்குள்ள ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டுள்ளது. உவரியில் சுயம்புலிங்கசுவாமி கோயிலுக்கு நேர்ந்துகொண்டோர் ஓலைப்பெட்டியில் கடல்மண் சுமக்கின்றனர். அவ்வூரிலேயே அந்தோணியார் திருத்தலமும் கப்பல் வடிவில் கட்டப்பட்ட மாதா கோயிலும் உள்ளன. 'ஆழிசூழ் உலகு', 'கொற்கை' ஆகிய புதினங்களை எழுதிய ஜோ டி குருஸ் பிறந்ததும் உவரியே. 'கொற்கை' 2013இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது.

மணப்பாடு இச்சாலையின் அழகு மிகுந்த ஊர் என்று பலரும் கூறுவர். கடலுள் நீண்ட மணற்குன்று, அதன் உச்சியில் திருச்சிலுவை ஆலயம், கீழே குகை, ஒருபுறம் அலை, மறுபுறம் அமைதியான காயல் என ஓவியம் போல் அமைந்தது அவ்வூர். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் அக்குகையில் தங்கினார் என்பர். 1544இல் அவர் எழுதிய கடிதங்கள் சில மணப்பாட்டிலிருந்து எழுதப்பட்டவை. ஆனால் மணப்பாடு ஓவியமாக மட்டும் நின்றுவிடவில்லை. 1977இல் வெளிவந்த வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' புதினத்தைப் படித்தவர், வள்ளங்களுக்கும் விசைப்படகுகளுக்கும் இடையே மூண்ட பூசல் ஒரு குடும்பத்தையும் ஊரையும் எவ்வாறு உலைத்தது என்பதை உணர்வர். பனையோலையில் பெட்டியும் கூடையும் முடையும் அவ்வூர்ப் பெண்களின் விரல்களையும் காண்பவர்க்கே மணப்பாடு முழுமையாகத் தெரியும்.

அடுத்துள்ள குலசேகரன்பட்டினம் பழைய துறைமுகம். முத்தாரம்மன் கோயில் தசரா விழாவில் பல்லாயிரவர் வேடம் புனைந்து அங்குக் கூடுவர். அவ்வூரருகே செயற்கைக்கோள் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பெற்றது. பாய்மரம் ஏறிய துறையில் இனி ஏவுகலம் எழவிருக்கிறது.

திருச்செந்தூரில் மலைநாட்டார் எண்ணிப்பார்க்க ஒன்றுண்டு. தொல்காப்பியர் சேயோனைக் குறிஞ்சிக்கும் வருணனை நெய்தலுக்கும் தெய்வமாக வகுத்தார். அக்குறிஞ்சிக் கிழவனே திருமுருகாற்றுப்படையில் அலைவாயில் நின்று அருள்கின்றான். மலைத் தெய்வம் கடலோரம் வந்து குடியிருப்பது திணைகள் வேலியிட்டுப் பிரிக்கப்பட்டவை அல்ல என்பதற்குச் சான்று. அலைகளுக்கு அருகிலேயே நன்னீர் சுரக்கும் நாழிக்கிணறும் அதனையே சொல்கிறது.

காயல்பட்டினத்தில் சாலை மற்றொரு தமிழ் உலகினுள் நுழைகிறது. அரபு நாடுகளோடு நெடுங்காலம் வணிகம் நடத்திய இவ்வூர், நபிகள் நாயகத்தின் மீது திருப்புகழ் பாடிய காசிம் புலவரைத் தந்தது. அரபுப் பேரறிஞர் சதக்கத்துல்லா அப்பா பிறந்ததும் இங்கேயே. திருமணத்துக்குப் பின் ஆண்மகன் மனைவியின் இல்லத்தில் வாழ்வது இவ்வூர் வழக்கம். வீடுகளுக்கிடையே பெண்கள் போய்வரத் தனி முடுக்குகள் உண்டு. கைப்பேசியில் படம் பிடிக்க முனையும் பயணி இங்குச் சற்று நிற்க வேண்டும். அவை காட்சிப்பொருள்கள் அல்ல, ஒரு சமூகத்தின் இல்லத்து வாயில்கள்.

புன்னைக்காயல் பெருஞ்சாலையிலிருந்து விலகியிருப்பதால் பயணிகள் பலர் அங்குச் செல்வதில்லை. தமிழர் அவசியம் செல்ல வேண்டிய ஊர் அது. அண்டிரிக் அடிகளார் என்று தமிழர் அழைத்த போர்ச்சுகீசியத் துறவி இத்துறையில் நெடுங்காலம் பணியாற்றினார். அவரது 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. 1586இல் வெளிவந்த 'அடியார் வரலாறு' புன்னைக்காயலிலேயே அச்சிடப்பட்டது என்பது அறிஞர் பலரின் கருத்து. குற்றாலத்து நீர் கடலில் கலக்கும் இடத்திலேயே தமிழ் அச்சின் தொடக்கக் காலத் தடமும் பதிந்துள்ளது.

சற்று வடக்கே கொற்கை. பாண்டியரின் முத்துத்துறை எனச் சங்க நூல்கள் போற்றியதும், கிரேக்கப் பயண நூலான பெரிப்ளுசு குறித்ததும் இவ்வூரே. இன்று அங்கே கடல் இல்லை. பொருநை கொண்டுவந்த வண்டல் படியப்படியக் கடல் விலகியது, துறைமுகம் வயலாயிற்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்ட காயல் துறைமுகமும் அவ்வாறே தூர்ந்தது. வாழை நிற்கும் அம்மண்ணில் பொதிகை மலையின் மண்ணும் குற்றால மலையின் மண்ணும் கலந்திருக்கின்றன. ஒரு மாநகரைத் தூர்த்ததும் மேட்டுநிலத்து மண்ணே. அதன் மேல் வயலை உண்டாக்கியதும் அதே மண்ணே.

தூத்துக்குடியில் பயணம் முடிகிறது. வ.உ.சிதம்பரனார் 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனம் கண்ட ஊர் அது. முத்துக்குளிப்பு 1961க்குப் பின் நடைபெறவில்லை. சங்கு குளிப்போரும் உப்பளத்தில் வெறுங்காலுடன் உழைக்கும் பெண்களும் அந்நகரின் உழைப்பு மரபைத் தொடர்கின்றனர். வாங்கிவரும் மக்ரூன் பொட்டலத்தோடு இவர்களின் நினைவையும் கொண்டுவருதல் தகும்.

நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல். மாலை வேளையில் கரையில் நின்று, கடல்மேற் சென்றவர் திரும்பவில்லையே என ஏங்கும் உள்ளம் அது. பயணி காணும் அந்தி வேறு, படகை எதிர்நோக்கும் இல்லத்தாள் காணும் அந்தி வேறு. இவ்வேறுபாட்டை உணர்த்தவே நம் முன்னோர் நிலத்தின் அழகை மட்டும் பாடாது, அங்கு வாழ்வோரின் உணர்வையும் சேர்த்துப் பாடினர்.

2023 டிசம்பர் 17, 18 நாள்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. பொருநை கரைபுரண்டது, குளங்கள் உடைந்தன, திருவைகுண்டமும் ஏரலும் வெள்ளத்துள் நின்றன. மலைச்சரிவில் பெய்த நீரும் கரையில் பெய்த நீரும் ஒன்றாகி அவ்வூர்களைச் சூழ்ந்தன. மேட்டில் வாழ்வோரின் செயல் தாழ்வில் வாழ்வோரைத் தொடும் என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் வேண்டுவதில்லை. குளத்தைத் தூர்ப்பதும், ஓடையை அடைப்பதும், அருவியில் அழுக்கைக் கலப்பதும் தன் ஊரோடு முடிந்துவிடுவதில்லை.

ஆகவே இவ்விழாவில் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கடலோரம் செல்லும் குடும்பம், புறப்படுமுன் 'கடல்புரத்தில்' போன்ற ஒரு நூலை வீட்டில் வாசிக்கட்டும். ஐந்து ஊர்களை விரைந்து கடப்பதற்கு மாறாக ஓர் ஊரிலேனும் தங்கி, அங்குள்ள பெரியவரிடம் காற்றுகளின் பெயர்களைக் கேட்கட்டும். குழந்தைகள் புன்னைக்காயலில் நின்று, இது எங்கள் ஊர்ப்பக்கத்து நீர் என்று அறியட்டும். அவ்வறிவோடு திரும்புவோர் குற்றாலத்து நீரையும் இலத்தூர்க் குளத்தையும் முன்னினும் கவனமாகப் பேணுவர்.

இலக்கிய வட்டம் மேன்மேலும் வளர்க.