வெள்ளிக்கிழமை வகுப்பு



ஞாயிற்றுக்கிழமை காலையில் புக்கிட் மெர்தாஜாமில் பள்ளிக்கூட மணி அடிக்காது. அங்கிருந்து மாநில எல்லையைத் தாண்டிச் சில மைல் போனால் கூலிம். அங்கே அதே ஞாயிறு காலை பிள்ளைகள் சீருடையோடு சபைகூடலுக்கு வரிசையில் நிற்பார்கள். மலேசியாவின் கெடா மாநிலத்தைச் சேர்ந்தது கூலிம்; அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும்தான்.

இதனால் கெடாவின் தேவாலயங்களுக்கு ஒரு தனிச் சிக்கல். கத்தோலிக்கர் மறைக்கல்வி என்கிறார்கள். மெதடிஸ்ட், லூத்தரன் சபையார் ஞாயிறு பள்ளி என்கிறார்கள். எந்தப் பெயரில் நடத்தினாலும், கெடாவில் ஞாயிறு காலை பிள்ளைகளுக்குக் கிடைப்பதில்லை. வகுப்பை வெள்ளிக்கோ சனிக்கோ வைத்தால்தான் அவர்கள் வர முடியும்.

ஞாயிறு பள்ளி தோன்றிய கதையும் இதையேதான் சொல்கிறது. 1780ல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் என்ற பத்திரிகையாளர் ஏழைப் பிள்ளைகளுக்கு வகுப்புத் தொடங்கினார். வாரத்தில் ஆறு நாள் வேலைக்குப் போன பிள்ளைகள் அவர்கள். ஓய்வு கிடைத்த ஒரே நாள் ஞாயிறு. அதனால்தான் அந்த நாள். பிள்ளைக்கு எந்த நாள் ஒழிகிறதோ அந்த நாளில் கதவைத் திறந்தார் ரெய்க்ஸ். அந்தக் கணக்குப்படி பார்த்தால் கெடாவின் ஞாயிறு பள்ளிக்கு வெள்ளிக்கிழமையே பொருத்தமான நாள்.

இந்த வகுப்பு ஏன் இவ்வளவு முக்கியம்? நம் நாட்டுப் பள்ளிகளில் முஸ்லிம் மாணவர்களுக்கு இஸ்லாமியக் கல்வி உண்டு. மற்றவர்களுக்கு நன்னெறிக் கல்வி. ஆகவே ஒரு கிறிஸ்தவப் பிள்ளை தன் சமயத்தைக் கற்றுக்கொள்ள வீட்டையும் கோவிலையும் விட்டால் வேறு இடமில்லை. ஒவ்வொரு சமயத்தாரும் தம் பிள்ளைகளுக்குத் தம் சமயத்தைக் கற்பிக்க நிலையங்கள் அமைக்கலாம் என்று கூட்டரசு அரசியலமைப்பின் 12வது விதி உரிமை கொடுத்திருக்கிறது. உரிமை இருக்கிறது, பிள்ளை வந்து சேர வேண்டுமே!

பிள்ளையை அழைத்தால் குடும்பமே வரும் என்பது தமிழ்க் கிறிஸ்தவத்துக்குப் பழகிய அனுபவம். 1542ல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், கையில் மணியை எடுத்துக்கொண்டு ஊருக்குள் நடந்து, சிறுவர்களையும் பெரியவர்களையும் கூட்டித் தமிழில் செபம் சொல்லிக் கொடுத்தார். கற்றதை வீட்டிலே தாய் தகப்பனுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக் கொடுங்கள் என்று சிறுவர்களிடம் பொறுப்பையும் ஒப்படைத்தார். 1578ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்', இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல். அதுவும் ஒரு மறைக்கல்விப் புத்தகம்தான், பதினாறே பக்கம்.

நம் நாட்டு ரப்பர் தோட்டங்களில் அந்த மணியின் வேலையை உபதேசியார் செய்தார். பட்டணத்திலிருந்து சாமியார் வருவது எப்போதாவதுதான். பால்மரம் வெட்டிவிட்டு வந்த பெற்றோர் குளித்து, சோறாக்கி முடிக்கும் நேரத்தில், லயத்து வாசலில் பிள்ளைகளை உட்கார வைத்துச் செபம் சொல்லிக் கொடுத்தவர் அவர். யார் வீட்டில் காய்ச்சல், யார் வீட்டில் சண்டை என்பதும் அவருக்குத் தெரியும்.

பிறகு ரப்பர் மரங்கள் சாய்ந்தன, செம்பனை வந்தது. குடும்பங்கள் சுங்கை பட்டாணிக்கும் கூலிமுக்கும் மலிவு விலை வீடுகளைத் தேடிப் போயின. 1996ல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போன தாயின் மகள் இன்று தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறாள். அவளுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறையாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தோட்டத்திலேயே தங்கிவிட்ட சில குடும்பங்களுக்கோ பட்டணத்துக்கு வர வண்டி வசதி இல்லை.

ஆண்டுத் தொடக்கத்தில் கோவில் மண்டபத்தில் போடப்படும் பதிவு மேசையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். பேரனின் கையைப் பிடித்தபடி ஒரு பாட்டி வந்து நிற்கிறார். படிவம் ஆங்கிலத்தில் இருக்கிறது. திருமுழுக்குச் சான்றிதழ் வேண்டும், பெற்றோர் கையெழுத்து வேண்டும். மகளுக்கு இரவு ஷிப்ட். சான்றிதழ் வீடு மாறியபோது எங்கோ போய்விட்டது. "எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் வாங்க" என்று சொன்னால் அந்தப் பாட்டி திரும்பி வருவார் என்று நம்ப முடியாது. "உட்காருங்க பாட்டி, நான் எழுதுறேன், தம்பி இன்னைக்கே வகுப்புல உட்காரட்டும், சான்றிதழை மெதுவா தேடிக்கலாம்" என்றால் வருவார். ஒரு குடும்பம் கோவிலுக்குள் வருவதும் வெளியே நின்றுவிடுவதும் பல நேரம் இந்த மேசையில்தான் முடிவாகிறது.

அடுத்தது மொழி. தேசியப் பள்ளியில் படிக்கும் பையனுக்குத் தமிழ் வாசிக்க வராது. பாட்டிக்குத் தமிழில் மட்டுமே செபம் தெரியும். ஆங்கில வகுப்பில் சேர்த்தாலும், கர்த்தர் கற்பித்த செபத்தையாவது தமிழில் சொல்லிக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் இரவில் பாட்டியும் பேரனும் சேர்ந்து செபிக்க முடியும். பெற்றோரே பிள்ளைகளின் முதல் ஆசிரியர்கள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ல் சொன்னது. வீட்டு மொழியை வாசலில் விட்டுவிட்டு வரச் சொன்னால் அந்த முதல் ஆசிரியர்களால் எப்படிக் கற்பிக்க முடியும்?

மறைக்கல்வி ஆசிரியர்களின் பணியைத் திருச்சபையின் நிலையான திருப்பணிகளில் ஒன்றாக 2021 மே 10 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அறிவித்தார். லயத்து வாசலில் உட்கார்ந்து கற்பித்த உபதேசியார்களுக்கு மிகவும் தாமதமாகக் கிடைத்த மரியாதை அது.

பாடாங் செராயிலும் பீடோங்கிலும் கோலக் கெட்டிலிலும் கார் வைத்திருக்கும் நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். வகுப்புக்கு உங்கள் பிள்ளையை ஏற்றிக்கொண்டு புறப்படும்போது, தோட்டத்துப் பாதையில் ஒரு நிமிடம் வண்டியை நிறுத்துங்கள். பின்னிருக்கையில் இன்னொரு பிள்ளைக்கும் இடம் இருக்கும். கூட வர ஒரு பாட்டி தயங்கி நின்றால், அவரையும் ஏற்றிக்கொள்ளுங்கள்.